நிறம் மாறினா என்ன அர்த்தம்? சோதனைக் குழாய் சொல்றதும் சொல்லாததும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு கெமிஸ்ட்ரி. சயின்ஸ் குரூப் எடுக்காதவங்க ஓடிடாதீங்க, சமன்பாடு ஒண்ணு கூட சொல்ல மாட்டேன்.

பிளஸ் டூவில கெமிஸ்ட்ரி படிச்சவங்களுக்கு ஒரு விஷயம் கண்டிப்பா ஞாபகம் இருக்கும். பிராக்டிகல்ல பேர் எழுதாத ஒரு பொருளைக் கொஞ்சமா கொடுப்பாங்க. வெள்ளைப் பொடியா இருக்கலாம், நிறமில்லாத திரவமா இருக்கலாம். அதுக்குள்ள என்ன வினைச்செயல் தொகுதி இருக்குன்னு நாம கண்டுபிடிக்கணும். இங்கிலீஷ் மீடியத்துல ஃபங்ஷனல் குரூப். பேப்பர்ல மூணு பத்தி போடுவோம்: சோதனை, உற்றுநோக்கல், அறிவன. என்ன செஞ்சேன், என்ன பார்த்தேன், அதுல இருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டேன்.

அந்த மூணாவது பத்தியில ஒரு சொல் திரும்பத் திரும்ப வரும். "ஆல்டிஹைடு இருக்கலாம்." "பீனால் இருக்கலாம்." இருக்கு-ன்னு எழுத மாட்டோம், இருக்கலாம்-னுதான் எழுதுவோம். அப்போ அதை மார்க்குக்காக எழுதினோம். ஆனா அந்த "லாம்"க்குள்ளதான் இந்த எபிசோட் முழுக்க இருக்கு. அந்த "லாம்" விட்டுப்போனா சிலர் ஜெயிலுக்குப் போயிருக்காங்க. கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காம விட்டா உயிரே போகும். அதெல்லாம் வரிசையா பார்க்கலாம்.

எண்ணிக்கை ஒண்ணு, பொருள் ரெண்டு

முதல்ல வினைச்செயல் தொகுதின்னா என்ன? ஒரு உதாரணம் போதும். ரெண்டு கார்பன், ஆறு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். இந்த ஒன்பது அணுக்களை வெச்சு ரெண்டு வெவ்வேறு பொருள் செய்யலாம். ஆக்சிஜன் ஓரத்துல ஒரு ஹைட்ரஜனோட சேர்ந்து உட்கார்ந்தா அது எத்தனால், அதாவது சாராயத்துல இருக்கிற ஆல்கஹால். 78 டிகிரியில கொதிக்கும். அதே ஆக்சிஜன் ரெண்டு கார்பனுக்கும் நடுவுல உட்கார்ந்தா அது டைமெத்தில் ஈதர். மைனஸ் 24 டிகிரியிலேயே கொதிச்சு வாயுவாயிடும்.

அணுக்களின் எண்ணிக்கை அதேதான். யார் பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கங்கிறதுதான் மாறுது. எத்தனால்ல ஒரு சின்னத் துண்டு சோடியத்தைப் போட்டா ஹைட்ரஜன் குமிழ் குமிழா வரும். ஈதர்ல வராது. அந்த "ஆக்சிஜன் - ஹைட்ரஜன்" ஜோடி எங்க இருந்தாலும் தன் குணத்தைக் காட்டும். அந்த ஜோடிக்குப் பேர்தான் வினைச்செயல் தொகுதி. கரிமப் பொருட்கள் கோடிக்கணக்குல இருக்கு, ஆனா தொகுதிகள் கொஞ்சம்தான். அதனால ஒவ்வொரு தொகுதிக்கும் ஒரு கேள்வி வெச்சிருக்கோம். அந்தக் கேள்விதான் சோதனை.

இதை ஞாபகம் வெச்சுக்கோங்க. சோதனைங்கிறது கேள்வி. நிறம் மாறுறது, நுரை வர்றது, அடியில வீழ்படிவு தங்குறது எல்லாம் பதில். கேள்வி என்னன்னு தெரியாம பதிலை மட்டும் படிச்சா தப்பாத்தான் படிப்போம்.

நுரை என்ன கேட்குது?

எளிமையான ஒண்ணுல ஆரம்பிப்போம். கார்பாக்சிலிக் அமிலம் இருக்கான்னு பார்க்க சோடியம் பைகார்பனேட் கரைசல்ல போடுவோம், அதாவது சமையல் சோடா. நுரைச்சுப் பொங்கினா அமிலம். வினிகர் பொங்கும், எலுமிச்சைச் சாறு பொங்கும்.

நுரையா வர்றது கார்பன் டை ஆக்சைடு. அது கார்பானிக் அமிலம் உடைஞ்சு வர்றது. நம்ம பொருள் கார்பானிக் அமிலத்தை விட வலுவானதா இருந்தாத்தான் அதை சோடாவில இருந்து வெளியே தள்ளும். ஆக, இந்தச் சோதனை உண்மையில கேட்கிற கேள்வி, "நீ கார்பாக்சிலிக் அமிலமா?" இல்ல. "நீ கார்பானிக் அமிலத்தை விட வலுவானவனா?" அவ்வளவுதான்.

பீனாலும் ஒரு அமிலம்தான், ஆனா கார்பானிக் அமிலத்தை விட வலு குறைவு. காஸ்டிக் சோடாவில கரையும், சமையல் சோடாவில பொங்காது. சரி, அப்போ பொங்குறதெல்லாம் கார்பாக்சிலிக் அமிலமா? வைட்டமின் சி-யை எடுத்துக்கோங்க. சுத்தமான அஸ்கார்பிக் அமிலத்தை சமையல் சோடா கரைசல்ல போட்டா நல்லாவே நுரைக்கும். ஆனா அதுக்குள்ள ஒரு கார்பாக்சிலிக் தொகுதி கூட கிடையாது. அதோட அமிலத்தன்மை வேற இடத்துல இருந்து வருது. சோதனை பொய் சொல்லல. கேட்ட கேள்விக்கு சரியாத்தான் பதில் சொன்னது. நாமதான் வேற கேள்வி கேட்டதா நினைச்சுக்கிட்டோம்.

புரோமின் தண்ணியும் இதே கதைதான். நிறைவுறாத பொருள், அதாவது கார்பன்களுக்கு நடுவுல இரட்டைப் பிணைப்பு இருக்கிற பொருள், புரோமினோட ஆரஞ்சு நிறத்தைக் குடிச்சிடும். இதையே அளந்து செஞ்சா எண்ணெய்களோட அயோடின் எண் கிடைக்கும். தேங்காய் எண்ணெய்க்கு அது 10-ஐ ஒட்டி இருக்கும், கடலை எண்ணெய்க்கு 90-ஐ ஒட்டி. தேங்காய் எண்ணெய் குளிர்ல உறையுது, கடலை எண்ணெய் சாதாரணமா உறையறதில்ல. அதுக்குக் காரணமும் அந்த இரட்டைப் பிணைப்புகள்தான். ஆனா பீனாலும் புரோமின் நிறத்தை எடுத்துடும், அனிலினும் எடுத்துடும். வித்தியாசம், இவங்க ரெண்டு பேரும் வெள்ளை வீழ்படிவு கொடுப்பாங்க. நிறம் போனதை மட்டும் பார்த்துட்டு அடியில தங்கினதைக் கவனிக்காம எழுதினா அறிவன தப்பாயிடும்.

நெல்லிக்காயும் இரும்புச் சட்டியும்

எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை பீனாலுக்கானது. நடுநிலை பெர்ரிக் குளோரைடுன்னு ஒரு மஞ்சள் கரைசல். அதுல ரெண்டு சொட்டு விட்டா பீனால் ஊதாவா மாறும். பீனால் தன் ஹைட்ரஜனை விட்டுட்டு இரும்பைப் பிடிச்சுக்குது, அந்தக் கூட்டணியோட நிறம்தான் ஊதா. "நடுநிலை"ன்னு ஏன் சொல்றாங்க? பெர்ரிக் குளோரைடு இயல்பாவே அமிலத்தன்மை உள்ளது. அமிலம் இருந்தா பீனால் ஹைட்ரஜனை விடாது. அதனால முன்கூட்டியே கொஞ்சம் காரம் விட்டு, லேசா வீழ்படிவு வந்ததும் வடிகட்டி எடுத்துக்குவாங்க.

இந்த வேதியியல் லேபுக்கு வர்றதுக்கு முன்னாடியே நம்ம வீட்டுல இருந்திருக்கு. நெல்லிக்காயை இரும்புச் சட்டியில வதக்கினா கறுத்துப் போகும், பார்த்திருப்பீங்க. நெல்லிக்காயில டேனின்கள் இருக்கு. டேனின்னா பீனால் தொகுதிகள் நிறைய ஒட்டிக்கிட்டு இருக்கிற பெரிய மூலக்கூறு. அது இரும்பைச் சந்திச்சா கறுப்பு. கலம்காரி துணியில கறுப்புக் கோடு வர்றதும் இப்படித்தான். துணியை முதல்ல கடுக்காய்ச் சாறுல நனைச்சு எடுப்பாங்க. கடுக்காய்ல டேனின் ஏராளம். அப்புறம் இரும்புத் துண்டையும் வெல்லத்தையும் தண்ணியில ஊறப்போட்டுப் புளிக்க வெச்ச கரைசலைத் தொட்டு வரைவாங்க. கோடு விழுந்த இடம் கறுக்கும். ஒரு பீனால் சோதனையை வெச்சுத்தான் அவ்வளவு அழகான துணி உருவாகுது.

இதே சோதனைக்கு மருந்துக் கடை சம்பந்தமும் உண்டு. ஆஸ்பிரின் எடுத்துக்கோங்க. சாலிசிலிக் அமிலத்துல ஒரு பீனால் தொகுதி இருக்கு. அதை ஒரு அசிட்டைல் தொகுதியால மூடினா ஆஸ்பிரின். மூடியிருக்கிறதால சுத்தமான ஆஸ்பிரின் ஊதா கொடுக்காது. ஈரம் பட்ட பழைய மாத்திரையில அந்த மூடி கழண்டு, திரும்பவும் சாலிசிலிக் அமிலம் வந்திருக்கும். கூடவே வினிகர் வாசனையும் வரும். அதுல பெர்ரிக் குளோரைடு விட்டா ஊதா. ஒரு மாத்திரை கெட்டுப்போச்சாங்கிற கேள்விக்கு ரெண்டு சொட்டுல ஒரு முதல் பதில் கிடைக்குது.

வெள்ளிக் கண்ணாடியும் சிறுநீர்ச் சர்க்கரையும்

இப்போ ஆல்டிஹைடு. டாலன்ஸ் சோதனை உங்களுக்கு மறக்காது. டியூபை வெந்நீர்ல வெச்சா உள்பக்கம் பளபளன்னு வெள்ளிக் கண்ணாடி மாதிரி படியும். ஆல்டிஹைடுக்கு ஆக்சிஜனேற்றம் அடைய ரொம்ப ஆசை. அது வெள்ளி அயனிக்கு எலக்ட்ரானைக் கொடுக்குது, அயனி உலோக வெள்ளியா மாறிப் படியுது. ஆல்டிஹைடு வெள்ளியைப் படிய வைக்கும்னு 1835-லேயே ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் எழுதினார். அதுக்கு முன்னாடி கண்ணாடி செய்ய பாதரசம் பயன்படுத்தினாங்க. அந்த ஆவியால தொழிலாளிகள் நோயாளி ஆனாங்க. பாதரசம் இல்லாத வழிக்கு இந்த வெள்ளி வேதியியல்தான் கதவு திறந்தது.

ஒரு எச்சரிக்கை. டாலன்ஸ் கரைசலைக் கலந்து பாட்டில்ல எடுத்து வைக்கவே கூடாது. நாள்பட வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மங்கள் உருவாகும். தேவைப்படும்போது கலந்து, வேலை முடிஞ்சதும் நீர்த்த அமிலம் விட்டு அழிச்சுடணும்.

வெள்ளிக்குப் பதிலா தாமிரத்தை வெச்சா அது ஃபெலிங் கரைசல், பெனடிக்ட் கரைசல். நீல நிறம், செங்கல் சிவப்பா மாறும். ஜெர்மனியில ஃபெலிங் 1840-களின் கடைசியில இதை உருவாக்கினது பசங்க பிராக்டிகலுக்காக இல்ல, சர்க்கரையை அளக்கிறதுக்காக. குளுக்கோஸ்ல ஒரு ஆல்டிஹைடு தொகுதி இருக்கு. சர்க்கரை நோயாளியோட சிறுநீர்ல குளுக்கோஸ் வரும். அமெரிக்காவுல பெனடிக்ட் இருபதாம் நூற்றாண்டு தொடக்கத்துல இதை இன்னும் வசதியாக்கினார். நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்லயும் பல வருஷம் இதுதான் வழி. 5 மில்லி நீலக் கரைசல், 8 சொட்டு சிறுநீர், கொதிக்க வைக்கணும். பச்சை வந்தா கொஞ்சம், மஞ்சள் வந்தா கூடுதல், செங்கல் சிவப்பு வந்தா ரொம்ப அதிகம்.

இங்கதான் நம்ம "லாம்" வருது. பெனடிக்ட் கேட்கிற கேள்வி "நீ குளுக்கோஸா?" இல்ல. "தாமிரத்துக்கு எலக்ட்ரான் கொடுப்பியா?" அதை ஃப்ரக்டோஸும் கொடுக்கும். ஃப்ரக்டோஸ் ஒரு கீட்டோன், ஆனா காரக் கரைசல்ல அது உருமாறி ஆல்டிஹைடு வேலையைப் பார்க்கும். வைட்டமின் சி-யும் கொடுக்கும். அதிகமா வைட்டமின் சி மாத்திரை சாப்பிட்டவரோட சிறுநீர் பெனடிக்ட்ல நிறம் மாறலாம். பிரசவத்தை ஒட்டிய காலத்துல பெண்களோட சிறுநீர்ல லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை வரும். அதுவும் இதே நிறம்தான் கொடுக்கும். பச்சைக் குழந்தையோட இருக்கிற ஒரு அம்மாகிட்ட, அந்த நிறத்தை மட்டும் பார்த்து "உங்களுக்கு சர்க்கரை நோய்"னு சொன்னா எப்படி இருக்கும்?

அதனாலதான் 1950-களில் குளுக்கோஸ் ஆக்சிடேஸ்ங்கிற நொதியை வெச்சு காகிதப் பட்டைகள் வந்தப்போ அது பெரிய மாற்றமா இருந்தது. அந்த நொதி குளுக்கோஸை மட்டும்தான் அடையாளம் காணும்னே சொல்லலாம். லாக்டோஸைக் கண்டுக்காது. கேள்வி கூர்மையானது, பதிலும் கூர்மையானது. இன்னைக்கு வீட்டுல ஊசி குத்தி ரத்தச் சர்க்கரை பார்க்கிற மெஷின் பலதுலயும் இதே மாதிரி ஒரு நொதிதான் வேலை செய்யுது.

கள்ளக்குறிச்சி: ஒரு கார்பன் வித்தியாசம்

இப்போ சொல்லப் போறது கொஞ்சம் கனமான விஷயம்.

2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு 60-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. அதுக்கு முந்தின வருஷம் மே மாசம் மரக்காணம், செங்கல்பட்டு பக்கம் இதே மாதிரி 20-க்கும் மேற்பட்டவங்க. ரெண்டுலயும் இறந்தவங்கள்ல பெரும்பாலானவங்க கூலி வேலைக்குப் போறவங்க.

மெத்தனாலும் எத்தனாலும் ஆல்கஹால்தான். ரெண்டுலயும் அதே "ஆக்சிஜன் - ஹைட்ரஜன்" தொகுதி. எத்தனால்ல ரெண்டு கார்பன், மெத்தனால்ல ஒண்ணு. பார்க்க ரெண்டும் தண்ணி மாதிரி. வாசனையை வெச்சோ, நாக்குல வெச்சோ கண்டுபிடிக்க முடியாது. நம்ம கல்லீரலும் முதல்ல ரெண்டையும் ஒரே மாதிரிதான் நடத்தும். ஒரே நொதி ரெண்டையும் ஆல்டிஹைடா மாத்தும். எத்தனால் அசிட்டால்டிஹைடு ஆகி, அப்புறம் அசிட்டிக் அமிலமாகும். மெத்தனால் ஃபார்மால்டிஹைடு ஆகி, ஃபார்மிக் அமிலமாகும். அந்த ஃபார்மிக் அமிலம்தான் ரத்தத்தை அமிலமாக்கும், பார்வை நரம்பைத் தாக்கும். 10 மில்லி மெத்தனால் கூட ஒருத்தரோட பார்வையைப் பறிச்சிடலாம்.

இப்போ நம்ம சோதனைகளை வரிசையா நிறுத்துவோம். சோடியம் போட்டா? ரெண்டுலயும் குமிழ். டைகுரோமேட்? முன்னாடி போலீஸ் ஊதச் சொன்ன பழைய கருவிகள்ல இருந்த அதே ஆரஞ்சுக் கரைசல். ரெண்டுமே அதைப் பச்சையாக்கும். ஏன்னா இந்தச் சோதனைகள் வினைச்செயல் தொகுதியைத்தான் கேட்குது. தொகுதி ரெண்டுலயும் ஒண்ணு. குடும்பத்தைக் காட்டும், ஆளைக் காட்டாது.

அயோடோஃபார்ம் சோதனை? எத்தனால் மஞ்சள் வீழ்படிவு கொடுக்கும், மெத்தனால் கொடுக்காது. அப்பாடா, கண்டுபிடிச்சாச்சுன்னு தோணும். ஆனா கள்ளச்சாராயத்துல ரெண்டும் கலந்து இருக்கலாமே! உள்ள இருக்கிற எத்தனால் தன் மஞ்சளைக் கொடுத்துடும், மெத்தனால் அதுக்குப் பின்னாடி சத்தமில்லாம ஒளிஞ்சுக்கும். "எத்தனால் இருக்கு"ங்கிற பதில் உண்மைதான். ஆனா உயிரைக் காப்பாத்த நமக்கு வேண்டிய கேள்வி அது இல்ல. "மெத்தனால் இருக்கா?"ங்கிறதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்கு வேற வழி இருக்கு. முதல்ல பொட்டாசியம் பெர்மாங்கனேட் விட்டு ஆல்கஹாலை ஆல்டிஹைடா மாத்துவாங்க. கல்லீரல் செய்யற அதே வேலையை இங்க டியூப்ல செய்யறோம். மெத்தனால் இருந்தா ஃபார்மால்டிஹைடு வரும். அப்புறம் குரோமோட்ரோபிக் அமிலமும் அடர் கந்தக அமிலமும் சேர்த்துச் சூடாக்குவாங்க. ஃபார்மால்டிஹைடு இருந்தா ஊதா நிறம். எத்தனால்ல இருந்து வந்த அசிட்டால்டிஹைடு அந்த ஊதாவைத் தராது. பாருங்க, ஒரு கார்பன் வித்தியாசத்தை வெளியே இழுக்க ரெண்டு படி தேவைப்படுது. அதுக்கு அப்புறமும் எவ்வளவு இருக்குன்னு உறுதியா சொல்றதுக்கு தடய அறிவியல் லேப்ல கேஸ் குரோமட்டோகிராஃபி செய்வாங்க.

அப்படியே ஒரு மருத்துவத் தகவலும் சொல்லிடுறேன். மெத்தனால் நச்சுக்கு ஃபோமெபிசோல்னு ஒரு மருந்து இருக்கு. அது கிடைக்காத இடத்துல டாக்டர்கள் அளந்து எத்தனாலையே கொடுக்கிறதும் உண்டு. அந்த நொதியை அடைச்சு வைக்கிறதுதான் ரெண்டோட வேலையும், மெத்தனால் விஷமா மாறுறதைத் தடுக்கும். இது ஆஸ்பத்திரியில மட்டும் செய்யற சிகிச்சை. குடிச்சவருக்குக் கண்ணு மங்குது, வயிறு வலிக்குது, மூச்சு வாங்குதுன்னா வீட்டுல வெச்சுப் பார்க்காதீங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம்.

காரில் கிடந்த டோனட் துணுக்கு

கள்ளக்குறிச்சியில பிரச்சனை, இருக்கிற விஷம் தெரியாம போறது. இதுக்கு நேர் எதிரான தப்பும் நடக்கும். இல்லாத ஒண்ணை இருக்குன்னு சொல்றது. அதுக்கு அமெரிக்காவுல இருந்து ஒரு கதை.

2015 டிசம்பர்ல ஃபுளோரிடா மாநிலத்து ஓர்லாண்டோவுல ஒரு வயசானவரோட காரை போலீஸ் நிறுத்துறாங்க. கார் தரையில சின்னதா வெள்ளைத் துணுக்குகள். போலீஸ்கிட்ட ஒரு குட்டி கிட் இருக்கு. துணுக்கைப் போட்டா நிறம் மாறினா போதைப்பொருள். போட்டாங்க, மெத்தாம்ஃபெட்டமின்னு காட்டிச்சு. அவர் சொல்றார், "ஐயா, அது டோனட் மேல இருந்த சர்க்கரை." யாரும் கேட்கல. கைது. வாரங்கள் கழிச்சு மாநில லேப் பார்த்தா போதைப்பொருள் எதுவுமே இல்ல. 2017-ல நகர நிர்வாகம் அவருக்கு 37,500 டாலர் கொடுத்து வழக்கை முடிச்சது.

இவராவது வெளியே வந்துட்டார். 2016-ல ப்ரோபப்ளிக்கா இதழ் ஹூஸ்டன் பகுதியைப் பத்தி ஒரு புலனாய்வு வெளியிட்டது. இந்த மாதிரி கிட் காட்டின நிறத்தை நம்பி, குற்றத்தை ஒத்துக்கிட்டா சீக்கிரம் வெளியே வரலாம்னு ஒத்துக்கிட்டவங்க 200-க்கும் மேல. பின்னாடி லேப்ல பார்த்தா அவங்ககிட்ட இருந்தது தடை செஞ்ச பொருளே இல்ல.

வேதியியலைப் பார்த்தா இது புரியும். கோகெயினுக்கு கோபால்ட் தயோசயனேட்னு ஒரு சோதனை இருக்கு. நீலம் வந்தா கோகெயின் "இருக்கலாம்". ஆனா அந்தக் கரைசல் கவனிக்கிறது கோகெயினோட முழு உருவத்தை இல்ல, அதுல இருக்கிற அமீன் தொகுதியைத்தான். அலர்ஜிக்குச் சாப்பிடுற டைஃபென்ஹைட்ரமின்லயும், பல் டாக்டர் மரத்துப்போக ஊசி போடுற லிடோகெயின்லயும் அதே வகை அமீன் இருக்கு. அதுங்களும் நீலம் காட்டும். கிட்டைக் கண்டுபிடிச்சவங்களுக்கு இது தெரியும். இது முதல் கட்டச் சல்லடை மட்டும்தான், லேப் உறுதி செய்யணும். ஆனா ரோட்டுல, ராத்திரியில, டார்ச் வெளிச்சத்துல அந்த "லாம்" காணாமப் போயிடுது.

அடுத்த தடவை ஒரு வீடியோ வந்தா

இதைக் கேட்டுட்டு "அப்போ கலர் டெஸ்ட் எல்லாம் வேஸ்ட்டா"ன்னு நினைச்சுடாதீங்க. பெரிய லேப்ல இன்னைக்கு அகச்சிவப்பு நிறமாலை, என்.எம்.ஆர். எல்லாம் இருக்கு, சில நிமிஷத்துல தொகுதியைச் சொல்லிடும். ஆனா அது லட்சக்கணக்குல விலை. மீன் மார்க்கெட்டுக்கோ கிராமத்துக்கோ தூக்கிட்டுப் போக முடியாது. 2018-ல கேரளாவுல ஃபார்மலின் போட்ட மீன் பிடிபட்டு பெரிய செய்தியானப்போ, கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனத்தோட காகிதப் பட்டை கிட்தான் சந்தைச் சோதனைக்குக் கை கொடுத்தது. அதுலயும் ஒரு "லாம்" உண்டு. சில மீன் இனங்கள்ல இறந்ததுக்கு அப்புறம் இயற்கையாவே கொஞ்சம் ஃபார்மால்டிஹைடு உருவாகும். அதனால இருக்கா இல்லையாங்கிறதோட நிறுத்தாம, எவ்வளவு இருக்குன்னும் பார்த்தாகணும்.

சோதனை மேல நம்பிக்கை வைக்கலாம், கூட ரெண்டு துணை வேணும். ஒண்ணு வெற்றுச் சோதனை. பொருளே போடாம வெறும் தண்ணியில அதே கரைசலை விட்டுப் பார்க்கிறது. தண்ணியிலயே நிறம் மாறினா நம்ம கரைசல்லதான் கோளாறு. இன்னொண்ணு, ஏற்கெனவே தெரிஞ்ச பொருள்ல அதே சோதனையைச் செய்யறது. தெரிஞ்ச ஆல்டிஹைடுலயே கண்ணாடி வரலைன்னா கரைசல் பழசு. "இல்லை"ங்கிற பதிலுக்கும் அப்போ மதிப்பில்ல.

வாட்ஸ்அப்ல, ரீல்ஸ்ல கலப்படச் சோதனை வீடியோ தினம் வருது. மஞ்சள் தூளையே எடுத்துக்குவோம். மெட்டானில் மஞ்சள்ங்கிற சாயம் கலந்திருக்கான்னு பார்க்க, லேப்ல அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுவாங்க. நிறம் மாறும். அந்த இடத்துல வீடியோ கட்டானா, "பார்த்தீங்களா கலப்படம்!"னு ஃபார்வர்ட் ஆயிடும். ஆனா சுத்தமான மஞ்சளும் அடர் அமிலத்துல நிறம் மாறும். சோதனையோட உயிர் அடுத்த படியில இருக்கு. தண்ணி ஊத்தி நீர்க்க வைக்கணும். சுத்தமான மஞ்சள்னா அந்த நிறம் மறைஞ்சுடும். சாயம் இருந்தா நின்னுடும். அந்த ரெண்டாவது படி இல்லாத வீடியோ, ஒரு நேர்மையான மளிகைக் கடைக்காரரோட பேரைக் கெடுக்கப் போதும். அப்புறம், அடர் அமிலத்தை வெச்சு வீட்டுல எதையும் முயற்சி பண்ணாதீங்க. சந்தேகம் இருந்தா உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் புகார் கொடுங்க, சாம்பிள் எடுத்து லேபுக்கு அனுப்புவாங்க.

அதனால நிறம் மாறுற எதைப் பார்த்தாலும் மூணு கேள்வி கேளுங்க. இந்தச் சோதனை உண்மையில எதைக் கேட்குது? இதே நிறத்தை வேற யார் யார் கொடுப்பாங்க? உறுதி செய்ய அடுத்த சோதனை என்ன? இந்த மூணுக்கும் பதில் வர்ற வரைக்கும் அறிவனப் பத்தியில "இருக்கலாம்"னே எழுதி வெச்சிருங்க.

அடுத்த எபிசோட்ல, கையில கிடைச்ச பொருளோட உருகுநிலையை மட்டும் வெச்சு அது சுத்தமா இல்லையான்னு எப்படிச் சொல்றாங்கன்னு பார்க்கலாம். இந்த வருஷம் பிராக்டிகல் எழுதுற தம்பி தங்கச்சி யாராவது உங்க வீட்டுல இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்பி வைங்க.